பாரிஸ், டெக்சாஸ்: தொலைந்ததை யார் கணக்கில் எழுதுவது?



சென்ற மாத ஒலிபரப்பில் ‘பாரிஸ், டெக்சாஸ்’ என்ற திரைப்படத்தைப் பற்றிப் பேசினேன். எனக்குத் தரப்பட்ட 20 நிமிடம் போதவில்லை. கதையின் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த நாள் எமது மூத்த நேயர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, பாரிஸ் எண்டு சொன்னீர். அதில லாச்சப்பல் பக்கமும் காட்டுறாங்களோ?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யோசித்தேன். ஐயா கேட்டதில் பிழையே இல்லை. பாரிஸ் என்றால் எமக்கு லாச்சப்பல்தான். அங்கே ஒரு மச்சான் இருப்பார், ஒரு நகைக்கடை இருக்கும். வருடத்தில் ஒரு முறையாவது லைப்சிக்கிலிருந்து வான் பிடித்துப் போய் வந்திருப்போம்.

ஆனால் இந்தப் பாரிஸ் பிரான்சில் இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள ஒரு சிறிய நகரத்தின் பெயரும் பாரிஸ்தான். படத்தின் பெயர் அந்த நகரத்தைக் குறிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், படத்தில் ஒருவரும் அந்த நகரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அங்கே ஒரு காட்சிகூடப் படமாக்கப்படவும் இல்லை. போகாத ஓர் ஊரின் பெயரை ஏன் வைத்தார்கள் என்பதை விளக்கினால் படமே விளங்கிவிடும். அன்று விட்ட இடத்திலிருந்து எழுத்தில் தொடர்கிறேன். பேச்சைக் கேட்காதவர்களுக்காகச் சில விடயங்களை முதலிலிருந்து சொல்கிறேன்.

றோட் மூவி என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ‘றோட் மூவி’ என்று ஒரு வகைப் படம் உண்டு. வீதியில் நடக்கும் கதை என்பது மட்டும் இதற்குப் பொருளல்ல. ஒருவருடைய வாழ்க்கையில் ஏதோ ஒன்று உடைந்துபோகிறது. அவர் வீட்டை விட்டுப் புறப்படுகிறார். வழியில் முன்பின் தெரியாத மனிதர்களைச் சந்திக்கிறார். கடைசியில், தேடிப் போன பொருள் கிடைக்காமல் வேறொன்று கிடைக்கிறது, அல்லது தான் யார் என்பது தெரியவருகிறது. 1969இல் வந்த ‘ஈஸி றைடர்’ என்ற அமெரிக்கப் படத்துக்குப் பிறகு இந்த வகை உலகெங்கும் பரவியது. எமது வீடுகளில் எல்லோரும் பார்த்த ‘அன்பே சிவம்’ 2003இல் வந்தது. புவனேஸ்வரில் அகப்பட்டுக்கொண்ட இருவர் சென்னைக்கு வந்து சேரும் கதை அது. அதுவும் றோட் மூவிதான்.

இது மேற்கத்தையர் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பொருளையும் மதிப்பையும் இழந்த கோவலன், கண்ணகியைக் கூட்டிக்கொண்டு புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கிறான். வழித்துணையாகக் கவுந்தி அடிகள் வருகிறார். புதிய ஊரில் புதிய வாழ்வு தொடங்கலாம் என்ற நம்பிக்கையில் நடக்கிறார்கள். மதுரையில், சிலம்பை விற்கப் புறப்படும் முன்பு, தான் செய்த தவறுகளைக் கோவலன் கண்ணகியின் முன்னால் தன் வாயாலேயே சொல்லி வருந்துகிறான். இந்த இடத்தை நினைவில் வைத்திருங்கள். நாம் பேசப்போகும் படத்திலும் இப்படி ஓர் இடம் வருகிறது.

படத்தை எடுத்தவர் ஒரு ஜேர்மானியர்

கதை முழுவதும் அமெரிக்காவில் நடந்தாலும் இதை இயக்கியவர் விம் வெண்டர்ஸ் என்ற ஜேர்மானியர். 1945 ஓகஸ்ட் மாதம், போர் முடிந்து சில மாதங்களில், குண்டுகளால் சிதைந்த டூசல்டோர்வ் நகரில் பிறந்தவர். எழுபதுகளில் வரிசையாக மூன்று பயணப் படங்களை எடுத்தார். அவற்றுள் முதலாவதான ‘அலீஸ் இன் டென் ஸ்டேட்டன்’ 1974இல் வந்தது. பாட்டியின் வீட்டுப் படம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி றூர் பிரதேசத்து நகரங்களில் அந்த வீட்டைத் தேடுவாள். மூன்றாவதான ‘இம் லவ்வ் டெர் சைட்’ 1976இல் வந்தது. மனைவியைப் பிரிந்த ஒருவனும், சினிமா இயந்திரங்களைத் திருத்தும் ஒருவனும் ஒரு பாரவூர்தியில் இரு ஜேர்மனிகளின் எல்லையோரமாகப் போகும் கதை. அந்த எல்லையின் கிழக்குப் பக்கத்தில்தான் எமது லைப்சிக் இருந்தது. இங்குள்ளவர்களுக்கு அந்த வீதி அப்போது அடைபட்ட வீதி. 1989 ஒக்டோபர் 9ஆம் திகதி இந்த நகரத்தின் வட்ட வீதியில் ஏறத்தாழ 70,000 பேர் இறங்கி நடந்தபோது, அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று பயணம் செய்யும் சுதந்திரம்.

வெண்டர்ஸ் பிறகு ஹொலிவூட் போனார். அங்கே 1982இல் வெளிவந்த ‘ஹமெட்’ படத்தை எடுக்கும்போது தயாரிப்புப் பக்கத்துடன் நெடுங்காலம் இழுபறிப்பட்டார். பெரும்பகுதியைத் திரும்பவும் எடுக்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் ‘பாரிஸ், டெக்சாஸ்’ படத்தைத் தனது சொந்தக் கொம்பனியும் ஒரு பிரெஞ்சுக் கொம்பனியும் சேர்ந்து தயாரிக்கச் செய்தார். அவருடைய கொம்பனியின் பெயரே ‘றோட் மூவீஸ்’. இதைத்தான் சுயாதீனத் திரைப்படம் என்கிறோம். பெரிய ஸ்ரூடியோ முதலாளி மேலே இருந்து கதையை மாற்றச் சொல்ல முடியாது. திரைக்கதையை அமெரிக்க நாடகாசிரியர் சாம் ஷெப்பர்ட் எழுதினார். படப்பிடிப்புத் தொடங்கியபோது கதையின் முடிவு எழுதி முடிந்திருக்கவில்லை. கதை நகரும் வரிசையிலேயே பெரும்பாலும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதனால்தானோ என்னவோ, அடுத்து என்ன நடக்கும் என்று படத்துக்கே தெரியாதது போன்ற ஓர் உணர்வு பார்ப்பவருக்கும் வருகிறது.

1984இல் கான் திரைப்பட விழாவில் இப்படம் தங்கப்பனை விருதைப் பெற்றது. அதே தங்கப்பனையை 31 வருடங்களுக்குப் பிறகு, 2015இல், எமது கதையைச் சொன்ன ‘தீபன்’ படம் பெற்றது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

பாலைவனத்தில் ஒரு மனிதன்

கதைக்கு வருவோம். டெக்சாஸின் வரண்ட வெளியில் ஒருவன் நடந்து வருகிறான். தலையில் சிவப்புத் தொப்பி, உடம்பில் புழுதி படிந்த கோட், கையில் தண்ணீர்ப் போத்தல். ஒரு கடைக்குள் மயங்கி விழுகிறான். வைத்தியர் என்ன கேட்டும் பதில் இல்லை. அவனிடம் இருக்கும் ஒரு தொலைபேசி எண்ணுக்கு அழைக்கிறார்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கும் தம்பி வோல்ட் வருகிறான். நாலு வருடமாகக் காணாமற் போயிருந்த அண்ணன் ட்ராவிஸ்தான் இவன். தம்பியுடன் வரும் வழியிலும் வெகுநேரம் பேசுவதில்லை. விமானத்தில் பறக்க மறுக்கிறான். காரிலேயே போகிறார்கள்.

ட்ராவிஸாக நடித்தவர் ஹாரி டீன் ஸ்டான்டன். அதுவரை சிறு வேடங்களில் வந்துபோன நடிகர். முதல் 20 நிமிடத்துக்கும் மேலாக ஒரு வார்த்தையும் பேசாமலே எம்மைப் பிடித்து வைத்திருக்கிறார். றொபி முல்லரின் ஒளிப்பதிவில் வானமும் வீதியும் மனிதனைச் சிறிதாக்கிக் காட்டுகின்றன. பின்னணியில் ரை கூடர் என்பவரின் ஒற்றைக் கிற்றார். தந்தியை இழுத்து இழுத்து வாசிப்பார். ஒரு ஆள் அழாமல் முனகுவது போல இருக்கும்.

ட்ராவிஸின் சட்டைப் பையில் ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது. மணலும் புல்லுமாக ஒரு வெறும் காணி. பாரிஸ், டெக்சாஸில் தான் வாங்கிப் போட்ட காணி அது என்கிறான். தன் தாயும் தகப்பனும் முதன்முதலில் ஒன்றுசேர்ந்த ஊர் அதுதான் என்று தாய் சொல்லியிருக்கிறாள். ஆகவே தன் தொடக்கம் அங்கேதான் என்று அவன் எண்ணிக்கொள்கிறான்.

இந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சில் ஏதோ செய்தது. என்னிடமும் அப்படியொரு படம் இருக்கிறது. வலிகாமம் வடக்கில் எங்கள் குடும்பத்துக்கு நாலு பரப்புக் காணி. 1990 ஜூனில் ஊரே எழும்பி வந்தபோது விட்டுவிட்டு வந்தோம். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளை 2015க்குப் பிறகு பகுதி பகுதியாக விட்டார்கள். எங்கள் காணியும் விடப்பட்டபோது தம்பி போய்ப் படம் எடுத்து அனுப்பினான். வீடு இல்லை. கிணற்றுக்கட்டும் பற்றையும்தான். அந்தப் படத்தையும் உறுதியின் பிரதியையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டால் “இதுதான் எங்கட இடம்” என்று காட்டுவேன். அவர்கள் மரியாதைக்குப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்.

ட்ராவிஸ் இன்னொன்றும் சொல்கிறான். அவனுடைய தகப்பன் மனைவியை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது “இவள் பாரிஸ்காரி” என்று சொல்லிக் கொஞ்சம் பொறுத்து, எல்லோரும் வியந்த பிறகு, “டெக்சாஸில் இருக்கிற பாரிஸ்” என்பாராம். பகிடிதான். ஆனால் போகப் போக அவரே அந்தப் பகிடியை நம்பத் தொடங்கிவிட்டார். மனைவி எளிமையான ஒரு நாட்டுப்புறப் பெண் என்பதை மறந்து, தன் தலைக்குள் இருந்த பாரிஸ்காரியுடன் வாழத் தொடங்கினார். அருகில் இருப்பவளைப் பார்க்காமல் மனதில் இருக்கும் ஒருத்தியைப் பார்ப்பது தகப்பனிடமிருந்து மகனுக்கும் வருகிறது. அடையாளத்தைத் தேடுவது பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். தேடிக் கிடைக்கும் அடையாளம் இப்படியானதாகவும் இருக்கலாம்.

எமது பிள்ளைகளுக்கும் இந்த இடைவெளி தெரியும். “எங்கேயிருந்து வருகிறாய்?” என்று கேட்டால் “லைப்சிக்” என்கிறார்கள். கேட்டவர் கொஞ்சம் பொறுத்து, “இல்லை, உண்மையில் எங்கேயிருந்து?” என்று மறுபடி கேட்கிறார்.

மாதம் ஒரு முறை வரும் பணம்

ட்ராவிஸுக்கு ஜேன் என்ற மனைவியும் ஹன்டர் என்ற மகனும் உண்டு. நாலு வருடத்துக்கு முன் குடும்பம் சிதறியபோது பையன் வோல்ட்டிடமும் அவனுடைய மனைவி ஆனிடமும் வந்து சேர்ந்தான். இப்போது அவனுக்கு எட்டு வயது நெருங்குகிறது. அவர்களைத்தான் அப்பா அம்மா என்கிறான். திடீரென்று வந்து நிற்கும் இந்த ஒல்லி மனிதனோடு பாடசாலையிலிருந்து நடந்து வர வெட்கப்படுகிறான். ஒரு நாள் ட்ராவிஸ் நல்ல கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒரு தகப்பனுக்குரிய தோற்றத்தோடு பாடசாலை வாசலில் போய் நிற்கிறான். அன்றைக்கு இருவரும் வீதியின் இரு பக்கங்களில் நடக்கிறார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் விளையாட்டாகச் செய்துகொண்டு வருகிறார்கள். ஒரு வசனமும் இல்லை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

ஜேன் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆன் ஒரு தகவல் வைத்திருக்கிறாள். ஜேன் ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில், ஹூஸ்டன் நகரத்து வங்கி ஒன்றிலிருந்து மகனின் பேருக்குப் பணம் போடுகிறாள்.

நான் கணக்காளன். இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காதல் படங்களில் கடிதம் வரும், பாட்டு வரும். இங்கே ஒரு தாயின் அன்புக்கு இருக்கும் ஒரே தடயம் வங்கிப் பதிவு. தொகை சிறியதோ பெரியதோ, திகதி தவறுவதில்லை. எமது சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உண்டியலில் போன காசு எங்கள் தலைமுறையின் கடிதம். அம்மாவுக்கு மருந்துக் காசு, தங்கச்சிக்குச் சீதனக் காசு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் காசு. வாயால் சொல்லத் தெரியாததை எல்லாம் தொகையாக அனுப்பினோம்.

ட்ராவிஸ் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு மகனோடு ஹூஸ்டனுக்குப் புறப்படுகிறான். பணம் போடும் நாளன்று வங்கிக்கு வெளியே காத்திருந்து அவளுடைய சிவப்புக் காரைக் கண்டுபிடித்துப் பின்தொடர்கிறார்கள்.

எங்கள் பயணம் வேறு

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ட்ராவிஸை வழியில் யாரும் மறித்து “அவுஸ்வைஸ்” கேட்பதில்லை. றோட் மூவி என்பது வீதி தனக்குச் சொந்தம் என்று எண்ணும் மனிதர்களின் கலை. ஜேர்மனியில் 1982இல் வந்த புகலிட நடைமுறைச் சட்டம், விண்ணப்பதாரர் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை அனுமதியில்லாமல் தாண்டக்கூடாது என்றது. 1996இல் நான் சக்சன் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டபோது, றெயிலில் அரை மணித்தியாலத்தில் இருக்கும் ஹாலே நகரத்துக்குப் போகவும் கடிதம் வேண்டும், ஏனென்றால் ஹாலே அடுத்த மாநிலம். ஏ9 அதிவேக வீதியில் ஓடும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. 2015 தொடக்கத்தில் இந்த விதி பெருமளவு தளர்த்தப்பட்டது. முற்றாக நீங்கிவிடவில்லை.

ஆகவே பயணத்தின் மூலம் தன்னைத் தேடுவது என்பதை நாம் படங்களில்தான் பார்த்தோம். எமது தேடல் ஒரு அறைக்குள், ஒரு தொலைபேசிக் காட்டை வைத்துக்கொண்டு நடந்தது.

கண்ணாடியின் இரு பக்கமும்

ஜேன் வேலை செய்யும் இடம் கௌரவமான இடமல்ல. ஆண்கள் காசு கொடுத்துவிட்டு ஒரு சிறு அறைக்குள் உட்கார்வார்கள். நடுவில் ஒரு கண்ணாடி. அவர்களுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் தெரிவாள். அவளுக்கோ கண்ணாடியில் தன் முகம் மட்டும்தான் தெரியும். பேச்சு தொலைபேசியில். முதல் நாள் ட்ராவிஸ் தான் யாரென்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறான். இரண்டாம் நாள் போகிறான். கதிரையைத் திருப்பி, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, “எனக்குத் தெரிந்த இருவரின் கதை” என்று தொடங்குகிறான்.

வயது கூடிய ஒருவன், மிக இளம் பெண் ஒருத்தி. அளவில்லாத அன்பு. அவளைப் பிரிய முடியாமல் வேலையை விட்டான். பிறகு காசில்லை. பிறகு சந்தேகம். குடி. கத்தல். அவள் ஓடிவிடாமல் இருக்கக் காலில் மணி கட்டினான். இடுப்புவாரால் அடுப்போடு கட்டி வைத்தான். ஒரு நாள் விழித்தபோது வீடு தீப்பற்றி எரிகிறது. மனைவியும் பிள்ளையும் இல்லை. அவன் ஓடினான். மனித வாடையே இல்லாத இடம் வரும்வரை நாட்கணக்காக ஓடினான்.

கதை நடுவிலேயே ஜேனுக்கு ஆள் யாரென்று விளங்கிவிடுகிறது. ஜேனாக நடித்தவர் நஸ்டாஸியா கின்ஸ்கி. அந்த முகத்தில் நடப்பதை எழுத்தில் சொல்ல என்னால் முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். ட்ராவிஸ் காதலைத் தொலைத்தவன் அல்ல, அதை உடைத்தவன். விதி, வறுமை, வயது வித்தியாசம் என்று அவன் காரணம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். படமும் அவனை மன்னிக்கச் சொல்லி எம்மைக் கேட்கவில்லை. மனைவியைக் கட்டிவைத்த ஒருவன் அழுதுவிட்டான் என்பதற்காகத் திரும்பவும் அந்த வீட்டுக்குள் விடப்பட வேண்டும் என்று கதை சொல்வதில்லை. சந்தேகமும் கையோங்கலும் எமது வீடுகளிலும் நடப்பவை. அவற்றை “குடும்பப் பிரச்சினை” என்று மூடிவைக்கும் நாங்கள் இந்தக் காட்சியை இரண்டு முறை பார்க்கலாம்.

மகன் தங்கியிருக்கும் ஹோட்டலின் அறை இலக்கத்தை ஜேனிடம் சொல்லிவிட்டு ட்ராவிஸ் போகிறான். மகனுக்கு ஒலிநாடாவில் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறான். உங்கள் இருவரையும் பிரித்தவன் நான், சேர்த்துவைப்பது என் கடன் என்பது அதன் சாரம். தாயும் மகனும் மேல்மாடி அறையில் கட்டிப்பிடிக்கிறார்கள். அவன் கீழே, வாகனத் தரிப்பிடத்தில் நின்று யன்னலைப் பார்க்கிறான். பிறகு காரை எடுத்துக்கொண்டு போகிறான். பாரிஸ் காணிக்கு அவன் போனானா, தெரியாது. அவன் தேடிய தொடக்கம் அந்தக் காணியில் இருக்கவில்லை. தன் தவறைத் தன் பெயரில் ஒப்புக்கொண்ட அந்தச் சிறு அறையில்தான் அது இருந்தது.

தொங்கற் கணக்கு

கணக்கியலில் ஒரு விடயம் உண்டு. ஆண்டு முடிவில் பரீட்சை மீதி எடுக்கும்போது வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் பொருந்தாவிட்டால், அந்த வித்தியாசத்தைத் தற்காலிகமாக ‘தொங்கற் கணக்கு’ என்ற ஒன்றில் போட்டு வைப்போம். பிழையைக் கண்டுபிடித்ததும் உரிய கணக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் வருடக்கணக்காக விட்டால் புத்தகம் பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் பொய்ப் புத்தகம்.

எமது வாழ்க்கையில் அந்தத் தொங்கற் கணக்கின் பெயர் ‘போர்’. இழந்தவற்றில் மிகப் பெரிய பகுதி உண்மையாகவே போர் எடுத்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்லாவற்றையும் அதிலே போட்டுவிட்டோமா?

என்னுடைய பதிவைச் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது என் மகனுக்கு ஏழு மாதம். அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து, மனைவியையும் பிள்ளையையும் வெள்ளவத்தையில் ஒரு அறையில் விட்டுவிட்டு நான் இங்கே வந்தேன். வணிகவியல் பட்டச் சான்றிதழ் பைக்குள் இருக்க, உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஏஜென்சிக் காசு வட்டியோடு ஏறியது. 1999இல் எட்டு மாதம் நான் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. மனைவி கேட்கும் கேள்விகளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வெட்கம் கோபமாக மாறியது. கடைசியாகப் பேசியபோது சொல்லக்கூடாத சந்தேக வார்த்தை ஒன்றையும் சொல்லியிருந்தேன். காசு மட்டும் மாதம் தவறாமல் போனது. கேட்டவர்களிடம் “பிரச்சினையால லைன் இல்லை” என்றேன். யாழ்ப்பாணத்துக்குத்தான் லைன் இல்லை. வெள்ளவத்தைக்கு இருந்தது.

2003இல் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மகனுக்கு எட்டு வயது. பிராங்போட் விமான நிலையத்தில் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு “இந்த மாமா ஆர்?” என்று கேட்டான். அவனுக்கு அப்பா என்றால் ரெலிபோன். பாடசாலை விட்டதும் கூட்டி வரப் போவேன். பத்தடி முன்னுக்கு நடப்பான். சில நாட்களில் வீதியின் மறுபக்கத்தால் போவான். அடுத்த குளிர்காலத்தில் ஓர் இரவு தொலைக்காட்சியில் தற்செயலாக இந்தப் படம் போனது. ஹன்டரும் ட்ராவிஸும் இரு பக்கமாக நடக்கும் காட்சி வந்தபோது என்னால் இருக்க முடியாமல் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

2024இல் படத்தின் 40ஆவது ஆண்டையொட்டிப் புதுப்பித்த பிரதி வெளிவந்தது. இங்கே ஒரு சிறிய திரையரங்கில் போட்டார்கள். மகனைக் கேட்டேன், வந்தான். படம் முடிந்து ட்ராமில் வரும்போது, 1999இல் நடந்ததைச் சொன்னேன். லைன் இருந்தது என்பதைச் சொன்னேன். அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஜேர்மன் மொழியில்தான் எப்போதும் பதில் சொல்பவன், அன்றைக்குத் தமிழில் சொன்னான்.

“தெரியும் அப்பா. அம்மா எப்பவோ சொன்னவா. நீங்கள் எப்ப சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

அதற்குப் பிறகு வேறு ஒன்றும் பேசவில்லை. இறங்கி, ஒரே பக்கத்தால் நடந்து வீட்டுக்கு வந்தோம். மனைவியிடம் நான் நேரடியாகக் கேட்க வேண்டிய மன்னிப்பை அந்த வார இறுதியில் கேட்டேன். அவ என்ன சொன்னா என்பது அவவுடைய விடயம். இங்கே எழுதவில்லை.

பார்க்க விரும்புவோருக்கு

படம் 147 நிமிடம். மெதுவாகப் போகும். முதல் அரை மணித்தியாலத்தில் “என்னடா இது” என்று தோன்றினால் பொறுத்திருங்கள். ஜேன் வேலை செய்யும் இடத்துக் காட்சிகள் இருப்பதால் சின்னப் பிள்ளைகளோடு பார்க்க ஏற்றதல்ல. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம், பார்த்த பின் பேசவும் வேண்டும். நகர நூலகங்களில் இறுவட்டாகக் கேட்டுப் பாருங்கள். ஜேர்மன் குரலில் பார்ப்பதைவிட ஆங்கில மூலத்தில், எழுத்துத் தலைப்போடு பார்ப்பது நல்லது. இது குரல்களின் படம்.

லாச்சப்பலைப் பற்றிக் கேட்ட ஐயாவுக்கும் ஒரு பதில். இல்லை ஐயா, அதில் லாச்சப்பல் காட்டவில்லை. ஆனால் நீங்கள் பார்த்துவிட்டு எனக்கு எடுங்கோ. நாங்கள் இரண்டு பேரும் கனநேரம் கதைக்கலாம்.

உங்கள் கருத்துகளை நிலைய முகவரிக்கு எழுதுங்கள். பெயர் போட விரும்பாவிட்டால் பெயரில்லாமலே வாசிப்போம். அடுத்த மாதப் பேச்சில் வருடாந்த வரி விண்ணப்பம் பற்றிப் பேசுவேன். ரசீதுகளை எறியாமல் வைத்திருங்கள்.